பகிடி விளங்காதபோது: சிலேடை எங்கே பழுதாகிறது என்று அறிந்து சரிசெய்யும் முறை

ஒரு சொல்லை இரண்டு பொருள்பட வைத்துச் சொல்லும் பகிடி கேட்பவருக்கு விளங்காமற் போனால், சொன்னவர் பெரும்பாலும் அதே வசனத்தைக் குரலை உயர்த்தி மறுபடி சொல்வார், அல்லது பகிடி முழுவதையும் தொடக்கத்திலிருந்து பிரித்து விளக்கத் தொடங்குவார். குரலை உயர்த்துவதால் எதுவும் மாறுவதில்லை. முழுவதையும் விளக்கினாலோ, கேட்பவருக்கு ஏற்கனவே தெரிந்தவற்றையும் சேர்த்துச் சொல்லி அவரைச் சிறுபிள்ளையாக்கிவிடுகிறோம். தண்ணீர் இறைக்கும் இயந்திரம் வயலில் நின்றுவிட்டால், அதைக் கழற்றத் தொடங்குவதற்கு முன் மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று பார்ப்பவர்கள் நாங்கள். பகிடிக்கும் அந்த ஒழுங்கே பொருந்தும். கேட்பவரிடம் இல்லாத துண்டு எது என்று முதலில் கண்டுபிடித்து அதை மாத்திரம் கொடுத்தால், மிகுதியை அவரே சேர்த்துக்கொள்வார். அவர் தாமாகச் சேர்த்துக்கொள்ளும்போதுதான் சிரிப்பு வரும்.

இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியில் இந்தக் கவனம் கூடுதலாகத் தேவைப்படுகிறது. பரம்பரையாகக் குளத்தையும் காட்டையும் நம்பி வாழ்ந்தவர்கள், காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள், 1958, 1977 கலவரங்களின் பின் மலையகத்திலிருந்தும் தெற்கிலிருந்தும் வந்து குடியேறியவர்கள் என எல்லோரும் இங்கே அயலவர்களாக இருக்கிறார்கள். விடுமுறைக் காலத்தில் வெளிநாடுகளிலிருந்து பேரப்பிள்ளைகளும் வந்து சேர்கிறார்கள். ஒரே பந்தலின் கீழ் இருக்கும் இவர்கள் அனைவருக்கும் ஒரு சொல்லின் முதற்பொருள் பொதுவாக இருக்கலாம். சிலேடை தங்கியிருக்கும் இரண்டாம் பொருளோ ஆளுக்கு ஆள் வேறுபடும்.

முதலில் செய்ய வேண்டிய சோதனை

விளக்கத் தொடங்குவதற்கு முன், "நான் சொன்னதை ஒருக்கால் திருப்பிச் சொல்லுங்கோ" என்று கேளுங்கள். சொல்லே மாறி வந்தால் பழுது காதில் இருக்கிறது. ஒலிபெருக்கி இரைந்திருக்கலாம், அல்லது நீங்கள் வேகமாகச் சொல்லியிருக்கலாம். அப்படியானால் விளக்கம் எதுவும் தேவையில்லை, ஆறுதலாக இன்னொரு முறை சொன்னாற் போதும். சொல் சரியாகத் திரும்பி வந்தால், "அதிலை நீங்கள் என்னத்தை விளங்கினீங்கள்?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலில்தான் பழுதின் இடம் வெளிப்படும். கீழே உள்ள அறிகுறிகளில் உங்களுடையது எது என்று அதைக்கொண்டு பிரித்தறியலாம்.

அறிகுறி: கேட்பவர் நேர்ப்பொருளை எடுத்துக்கொண்டு நியாயமான கேள்வி கேட்கிறார்

அடிக்கடி வருவது இதுதான். அவர் கேட்கும் கேள்வியே வேண்டிய தகவல் அனைத்தையும் தந்துவிடுவதால், சரிசெய்வதும் இலகு.

மார்கழி மழையில் குளங்கள் நிரம்பும் காலத்தில் கிளிநொச்சிப் பக்கத்தில் சொல்லக்கூடிய ஒரு பகிடியை எடுத்துக்கொள்வோம். "இரணைமடுவிலை வான்கதவைத் திறந்து விட்டிட்டாங்களாம், ஏறுறதுக்குத்தான் ஒருத்தரும் இல்லையாம்." குளம் நிரம்பி மிகுநீர் வழிந்தோடும் இடம் எங்களுக்கு வான், அங்கே போடப்பட்ட கதவு வான்கதவு, நீர் வழிந்தால் குளம் வான் பாய்கிறது என்போம். ஆட்களை ஏற்றிச் செல்லும் வாகனமும் எங்கள் பேச்சில் வான் என்றே இருப்பதால் பகிடி நிற்கிறது. இதைச் சென்னையிலிருந்து வந்த விருந்தாளி ஒருவருக்குச் சொன்னால், "வானத்துக்கு எப்படிக் கதவு இருக்கும்?" என்று கேட்பார். அவரிடம் இருப்பது ஆகாயம் என்ற பொருள் மாத்திரமே என்பதும், குளத்து வான் அவருக்குத் தெரியாது என்பதும், வாகனத்தை அவர் 'வேன்' என்று சொல்லிப் பழகியவர் என்பதும் அந்த ஒரு கேள்வியிலேயே தெரிந்துவிடுகின்றன. இங்கே இல்லாதவை இரண்டு துண்டுகள். ஒன்றை மாத்திரம் கொடுத்துவிட்டு மறுபடி பகிடியைச் சொன்னால் அது திரும்பவும் விழும்.

சரிசெய்யும் முறை: அந்த நேரத்திலேயே விளக்க வேண்டாம். பகிடியை அப்படியே விட்டுவிட்டு, பின்னர் சாதாரணக் கதையினிடையே இரண்டு பொருளையும் அவர் காதில் விழச் செய்யுங்கள். "நாளைக்கு வானிலை போவம், பஸ்ஸிலை சனம் கூட" என்று ஒரு தரமும், குளக்கட்டுக்கு அழைத்துச் சென்று நீர் வழியும் இடத்தைக் காட்டி, "உதுதான் வான், இப்ப பாயுது" என்று ஒரு தரமும் சொன்னாற் போதும். இரண்டையும் தம் கண்ணால் கண்ட ஒருவர், மறுநாட் காலையில் வாகனத்தின் கதவைத் திறக்கும்போது, "வான்கதவு திறந்தாச்சு, ஏறுங்கள்" என்று தாமே சொல்லக்கூடும். நீங்கள் விளக்கியிருந்தால் அந்தச் சிரிப்பு உங்களுடையதாக இருந்திருக்கும். இப்போது அது அவருடையது.

அந்த நேரத்திலேயே விளக்கித்தான் ஆகவேண்டும் என்றால், பகிடியை விட்டுவிட்டுச் சொல்லை மாத்திரம் விளக்குங்கள். "குளத்திலை தண்ணி வழியிற இடத்தையும் நாங்கள் வான் எண்டுதான் சொல்லுறது" என்ற ஒரு வசனத்துடன் நிறுத்துங்கள். "அதனால்தான் சிரிப்பு" என்ற வசனத்தை எக்காரணம் கொண்டும் சேர்க்க வேண்டாம்.

அறிகுறி: கூட்டத்தில் பாதிப்பேர் சிரிக்கிறார்கள், மிகுதிப்பேர் சிரிப்பவர்களின் முகத்தைப் பார்க்கிறார்கள்

பகிடியில் பழுதில்லை என்பதற்குப் பாதிச் சிரிப்பே சாட்சி. சொல் ஒரு வட்டாரத்துக்குரியதாக இருக்கிறது, அவ்வளவுதான்.

பந்தியில் பரிமாறுபவர், "சோறு காணுமோ அப்பு?" என்று கேட்கிறார். முதியவர், "கண்ணாடி போட்டால் காணும்" என்கிறார். 'காணும்' என்பது 'போதும்' என்ற பொருளில் வழங்கும் வீட்டில் வளர்ந்தவருக்கு இது உடனே விளங்கும். 'போதுமா' என்று கேட்டே பழகியவருக்கு, சோறு கண்ணுக்குத் தெரிகிறதா என்று ஒருவர் கேட்கிறார், கண்ணாடி போட்டால் தெரியும் என்று மற்றவர் பதில் சொல்கிறார். அதில் சிரிக்க எதுவும் இல்லை. அவர் விளக்கமற்றவர் என்று எவரும் எண்ணிவிடக்கூடாது; அவர் கேட்ட உரையாடல் முழுவதும் பொருத்தமானது. 'போதுமா' என்பதை இங்கே 'காணுமோ' என்று கேட்பார்கள் என்பதைப் பகிடிக்கு முன்னர், வேறொரு சாப்பாட்டின்போது, அவர் ஒரு தரம் கேட்டிருந்தாலே போதுமானது.

இந்த அறிகுறிக்குள் நுண்மையான வேறுபாடு ஒன்றும் உண்டு. "ஆடி மாசம் முறிகண்டியிலை கச்சான் சும்மா கிடைக்கும், முகத்தைக் காட்டினால் காணும்" என்ற பகிடியைப் பாருங்கள். முறிகண்டிப் பிள்ளையாரடியில் வாகனங்கள் நின்று செல்வதும், அங்கே கச்சான் விற்பதும் ஏ9 வீதியால் போய்வந்த எல்லோருக்கும் தெரியும். ஆகவே எவரும் நிலக்கடலையைத் தவறவிடமாட்டார்கள். தவறுவது காற்று. மேற்கிலிருந்து புழுதியோடு வீசும் கச்சான் காற்றை முல்லைத்தீவுக் கடற்கரையில் தொழில் செய்பவர் பெயர் சொல்லி அறிவார். நகரத்தில் வளர்ந்த பிள்ளை அதை வெறுங் காற்று என்றே அறியும். அந்தப் பிள்ளை, "எந்தக் கடையிலை?" என்று கேட்கும். கடையைக் கேட்டால் காற்று இல்லை என்று அறிந்துகொள்ளுங்கள். மேற்குப் பக்கமாகத் திரும்பி நிற்கச் சொல்லி, "இப்ப முகத்திலை அடிக்கிறதுக்கு என்ன பேர் தெரியுமோ?" என்று கேட்பதே அதற்குரிய விளக்கம்.

மேடையில் அறிவிப்புச் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பாதிக்கூட்டம் சிரிக்காதபோது, சிரிக்காதவர்களை நோக்கி, "உங்களுக்கு எங்கடை தமிழ் விளங்காது" என்று சொல்லும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. அதைக் கைவிட வேண்டும். தலைமுறை தலைமுறையாக இங்கே வியர்வை சிந்திய ஒருவரை ஒரு சொல்லின் பெயரால் வெளியாளாக்குவது பெரிய அநியாயம்.

அறிகுறி: சொன்னபோது சிரித்தவர்கள், எழுதி அனுப்பியபோது சிரிக்கவில்லை

எங்கள் பேச்சில் ழகரமும் ளகரமும் பெரும்பாலும் ஒன்றாகவே ஒலிக்கின்றன. அதனால் காதுக்கு ஒன்றாகவும் கண்ணுக்கு இரண்டாகவும் இருக்கும் பகிடிகள் நிறைய உண்டு. "நாளைக்குப் பின்வளவிலை வாழை வெட்டப் போறம், வாங்கோ" என்று அயலவர் அழைக்க, கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்த உறவினர், "அப்ப குழம்புக்குப் புளியை நான் கொண்டுவாறன்" என்கிறார். அவர் காதில் விழுந்தது வாளை மீன். இதை வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்பினால், வாழை என்று எழுதியவுடன் மீன் போய்விடுகிறது. வாளை என்று எழுதினால் மரம் போய்விடுகிறது. இதற்கு விளக்கம் எழுதுவதில் பயனில்லை. குரற்பதிவாக அனுப்புங்கள்.

ஒற்றும் இதே வேலையைச் செய்யும். முருகன் கோயிலில் இளைஞன் ஒருவன், "முருகா, வேலை தா" என்று வேண்டினானாம்; முருகன், "தந்துபோட்டு நான் என்னத்தைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறது?" என்று கேட்டாராம். எழுத்தில் 'வேலைத் தா' என்று ஒற்று இட்டால் அது முருகனின் கையிலுள்ள வேல் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். ஒற்று இல்லாவிட்டால் அது தொழில். எழுதும்போது ஒற்றை விட்டுவிட வேண்டும் என்பது என் முடிவு. வாசிப்பவர் முதலில் தொழிலை நினைத்து, முருகனின் பதிலைக் கண்டபின் வேலுக்குத் திரும்ப வேண்டும். ஒற்றிட்டு எழுதினால் அந்தத் திருப்பம் முதல் வரியிலேயே செலவாகிவிடும்.

அறிகுறி: இரண்டு பொருளும் தெரிந்தவர்தான், இருந்தும் பிடிபடவில்லை

இந்த அறிகுறியில்தான் விளக்குபவரின் திறமை தேவைப்படுகிறது. ஆகவே சற்று நின்று பார்ப்போம்.

சிலேடையில் இரண்டு வகையைத் தண்டியலங்காரம் என்ற அணியிலக்கண நூல் பிரித்துக் காட்டுகிறது. சொல்லை எங்கும் பிரிக்காமலே இரு பொருள் தருவது செம்மொழிச் சிலேடை. ஒரு பொருளுக்கு ஒரு விதமாகவும் மற்றதற்கு வேறு விதமாகவும் பிரித்துக்கொள்ள வேண்டியது பிரிமொழிச் சிலேடை. மேலே கண்ட வானும் கச்சானும் செம்மொழி. வேலை என்பதைத் தொழிலாகவும், வேல் என்பதுடன் ஐ சேர்ந்ததாகவும் கொள்வது பிரிமொழி. செம்மொழியில் பொருள் தெரியாவிட்டால்தான் பழுது. பிரிமொழியில் எல்லாப் பொருளும் தெரிந்தவருக்கும் வெட்டும் இடம் தெரியாமற் போகலாம். முதலாவதற்குப் பொருளைக் கொடுக்க வேண்டும். இரண்டாவதற்கு இடைவெளியைக் கொடுக்க வேண்டும். இந்த வேறுபாட்டை அறியாமல், தாமரைக்கும் மரைக்கும் பொருள் தெரிந்த ஒருவரிடம் அந்தப் பொருள்களையே திரும்பத் திரும்பச் சொல்பவர்களைக் காண்கிறோம்.

"குளம் முழுக்கத் தாமரை தாமரை எண்டு நிக்குது, ஒரு மரையைக்கூடக் காணேல்லை" என்று காட்டை அறிந்த ஒருவர் சொல்கிறார். புள்ளிமானைவிடப் பெரிய, கிளைக்கொம்புள்ள மரையை வன்னிக் காட்டோரத்தில் வாழ்பவர் அறிவார். அறிந்தும் அவருக்குப் பிடிபடாவிட்டால், பகிடியைத் திரும்பச் சொல்லும்போது 'தா' என்பதற்குப் பின் ஒரு சிறு மூச்சளவு நிறுத்துங்கள். அந்த 'தா'வைக் கையேந்திக் கேட்பவரின் தொனியில் சொல்லுங்கள். நிறுத்தம் நீண்டால் நீங்களே விடையைச் சொல்லியதாகிவிடும். நிறுத்தமே இல்லாவிட்டால் சொல் ஒட்டியே இருக்கும். எவ்வளவு நிறுத்துவது என்பதைக் கேட்பவரின் கண்ணைப் பார்த்துத்தான் அறியலாம், ஆகையால் இந்த வகைப் பகிடியைத் தொலைபேசியில் சரிசெய்வது கடினம்.

பொருளையும் இடைவெளியையும் சேர்த்துக் கொடுக்க வேண்டிய சந்தர்ப்பமும் உண்டு. "எங்கடை காட்டிலை பாலைக் குடிக்கிறேல்லை, பாலைத் தின்னிறது." பாலை மரத்தையும் அதன் சிறிய மஞ்சட் பழத்தையும் அறியாத பிள்ளைக்கு இதைச் சொற்களால் விளக்கத் தொடங்கினால், மரம், பருவம், வேற்றுமை உருபு என்று நீண்டுகொண்டே போகும். பாலைப்பழக் காலமாக இருந்தால் ஒரு கை பழம் வாங்கிக் கொடுங்கள். தின்றதும் பழத்தின் பால் உதட்டில் பிசின்போல ஒட்டும். பிள்ளை உதட்டைத் துடைத்துக்கொண்டு, "இதிலை பால் இருக்குது" என்று சொல்லும். அந்தக் கணத்தில் பகிடியை மறுபடி சொல்லுங்கள். இரண்டாம் பொருள் நாவிலேயே இருக்கும்போது வெட்டும் இடம் தானாகப் பிடிபடும்.

பழம்பாடல்களில் வரும் சிலேடைக்கும் இதே ஒழுங்குதான். காளமேகப் புலவர் பாம்பையும் எள்ளையும் ஒன்றாக வைத்துப் பாடியதில் பிண்ணாக்கு என்ற சொல் வருகிறது. எள்ளுக்கு அது செக்கிலிருந்து எஞ்சுவது, பாம்புக்கு அது பிளந்த நாக்கு. எள் விதைத்து, மாட்டுக்குப் பிண்ணாக்கு ஊறவைக்கும் வீட்டுப் பிள்ளைக்கு இங்கே வெட்டும் இடத்தைக் காட்டினாற் போதும். எண்ணெயைப் போத்தலில் மாத்திரம் கண்ட பிள்ளைக்கு முதலில் பிண்ணாக்கைக் காட்ட வேண்டும். வகுப்பறையில் இரண்டு பிள்ளைகளும் அருகருகே இருப்பார்கள்; முதற்பிள்ளையைக் கொண்டே இரண்டாம் பிள்ளைக்குச் சொல்விப்பது மிக நல்லது.

அறிகுறி: தவறான இடத்தில் சிரிக்கிறார்

திருத்த வேண்டாம். அவருக்கு வேறொரு பொருள் தோன்றியிருக்கிறது. அதை அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சில வேளைகளில் அது உங்களுடையதைவிடச் சிறந்ததாக இருக்கும்.

அறிகுறி: விளங்கியிருக்கிறது என்று முகத்தில் தெரிகிறது, ஆனாலும் சிரிக்கவில்லை

இதைப் பழுது என்று கொள்ளவே கூடாது. விளங்கியதால்தான் சிரிக்கவில்லை.

வான்கதவுப் பகிடியையே மறுபடி எடுத்துக்கொள்ளுங்கள். 2018 டிசம்பரில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சியின் தாழ்ந்த பகுதிகளில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. பன்னங்கண்டி, முரசுமோட்டை, கண்டாவளைப் பக்கங்களில் அந்த இரவுகளை நினைவில் வைத்திருப்பவருக்கு வான்கதவு என்ற சொல் முதலில் வெள்ளமாகவே கேட்கும். சாதாரண ஆண்டில், குளம் நிரம்பிய மகிழ்ச்சியில் சொல்லும்போது சிரிக்கும் அதே ஆள், மழை விடாது பெய்யும் நாளில் சிரிக்கமாட்டார். அந்த நாளில் அது சொல்லக்கூடாத பகிடி.

இதைவிட ஆழமானது 'செல்' என்ற சொல். இன்றைய பிள்ளைகள் திரைப்படங்களில் கேட்டுப் பழகிய விதமாகக் கைத்தொலைபேசியைச் செல் என்கிறார்கள். "செல் அடிக்குது" என்று சொல்லிவிட்டு, போ என்ற பொருளையும் சேர்த்து விளையாடுகிறார்கள். 2009இல் முல்லைத்தீவுக் கரையோரத்தில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பதுங்குகுழிக்கும் பதுங்குகுழிக்கும் இடையே ஓடிய ஒரு தாய்க்கு, "செல் அடிக்குது" என்பதன் பொருள் ஒன்றே ஒன்றுதான்: எறிகணை வீசுகிறார்கள். அவர் முகம் மாறுவதைக் கண்டால் பகிடியை அந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். விளக்க வேண்டாம், "பகிடிக்குத்தானே சொன்னது" என்றும் சொல்ல வேண்டாம், ஏனெனில் அந்தத் தாய் அதை முன்னரே அறிந்திருக்கிறார். விளக்கம் தேவைப்படுவது பிள்ளைக்கு. பின்னர், தனியாக, அம்மாவுக்கு அந்தச் சொல் என்னவாக இருந்தது என்று பிள்ளைக்குச் சொல்லுங்கள். இரண்டாம் பொருளை அறியாதவர் இங்கே கேட்டவர் அல்லர், சொன்னவர்.

ஒருவருடைய பெயரை வைத்துச் சொன்ன சிலேடைக்கும் இதுவே விதி: பெயருக்குரியவர் சிரிக்காவிட்டால், மற்றவர்கள் எவ்வளவு சிரித்தாலும் அது அத்துடன் முடிந்துவிட வேண்டும்.

அறிகுறி: விளக்கிய பின் "ஓ, அப்படியோ" என்கிறார், சிரிப்பு வரவில்லை

விளக்கம் வென்றிருக்கிறது, பகிடிக்குரிய நேரம்தான் கடந்துவிட்டது. அதே பகிடியை மூன்றாம் தரம் சொல்லிச் சிரிப்பை வற்புறுத்த வேண்டாம். அவர் இப்போது அந்தச் சொல்லின் இரு பொருளையும் அறிந்தவர். சில நாள் கழித்து அதே சொல்லை வேறொரு சந்தர்ப்பத்தில், முன்னறிவிப்பின்றிப் பயன்படுத்துங்கள். பந்தியில் 'காணும்' விளங்காதவரிடம், மின்சாரம் நின்ற ஓர் இரவில், "விளக்கு ஒண்டு காணுமோ?" என்று கேட்டுப் பாருங்கள்.

அறிகுறி: பேரப்பிள்ளைக்குத் தமிழ் பாதி, வேறு மொழி பாதி

அம்மம்மாவின் பகிடியைப் பிள்ளையின் மொழிக்கு மாற்றிச் சொல்ல முயலும் பெற்றோர், ஒவ்வொரு தரமும் அதன் உயிரை எடுத்துவிடுகிறார்கள். ஒரு மொழியில் இரு பொருள் தரும் சொல் மற்ற மொழியில் இரண்டு தனிச் சொற்களாகப் பிரிந்துவிடும். பிரிந்தபின் சொல்ல எதுவும் மிஞ்சாது. முதலில், பிள்ளையின் மொழியில் ஒரே ஒலியில் இரு பொருள் தரும் சொல் ஒன்றைப் பிள்ளையிடமே கேட்டு வாங்குங்கள். அதை அம்மம்மாவுக்கு விளக்கும் பொறுப்பையும் பிள்ளைக்கே கொடுங்கள். விளக்குவதற்குப் பிள்ளை படும் பாட்டில், சிலேடை எப்படி இயங்குகிறது என்று அதற்கே விளங்கிவிடும். அதன் பின்னர் அம்மம்மா தம்முடைய பகிடியைத் தமிழிலேயே சொல்லட்டும். இரட்டைப் பொருளுள்ள அந்த ஒரு சொல்லை மாத்திரம் பிள்ளையின் மொழியில் இரண்டு தரம், இரண்டு விதமாகச் சொல்லிவிட்டு, நடுவில் இருப்பவர் பேசாமல் இருக்கட்டும்.